வடித்த பழம்

எல்லம்மா செய்தது தப்பு என்று எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் என் ஓரகத்தி, அதனால் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்கும் எனக்கும் ஆகாத நாட்கள்தான் அதிகம். என் வீட்டுக்காரர் ராஜவேலு மூத்தவர், அவள் வீட்டுக்காரன் தேசப்பன் இளையவன். சுவரோடு சுவர் ஒட்டின வீடு. அவள் மிளகாய் தாளித்தால் நான் தும்ம வேண்டும், அப்படி ஒரு பிறவிப் பந்தம்.

பாடு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது. பழவேற்காடு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. தண்ணீர் ஏறி இறங்குகிற சில இடங்களில்தான் கிடைக்கும். அந்த இடத்தில் யார் எந்த முறைக்கு வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டு எடுக்கும். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. பாடு இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்கு நிற்க வேண்டும், அவன் பெண்டாட்டி அடுத்தவள் கூடையைச் சுமக்க வேண்டும். கல்யாணம் பேச வருகிறவர்கள்கூட பையனுக்குப் பாடு உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். மூக்கும் முழியும் அப்புறம்தான்.

பொங்கலன்று உச்சிவேளையில் கங்கையம்மன் கோயில் வாசலில் சீட்டு எடுப்பார்கள். எடுக்கிற ஆண்கள் போகி சாயந்தரமே கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டினால் சீட்டு முடிகிற வரை சோறு கிடையாது, கவுச்சி கிடையாது, பாலும் பழமும்தான். குடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காப்போடு குடித்துவிட்டு வந்தவனுக்கு அந்த வருஷம் சீட்டு இல்லை. அடுத்த வருஷமும் அதே கோலத்தில் வந்தால் பேரையே எடுத்துவிடுவார்கள். பேர் போனால் போனதுதான். பெற்ற பிள்ளைக்கும் கிடையாது.

தேசப்பன் முந்தின வருஷம் குடித்துவிட்டு வந்தவன்.

அரசாங்கமே சாராயக்கடையைத் திறந்துவிட்ட சமயம் அது. அதுவரை ஒளிந்து ஒளிந்து குடித்தவர்கள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குடிக்கப் போனார்கள். என் கொழுந்தன் அதில் முதல் வரிசை. காப்புக் கட்டின கையோடு எளாவூர் கடைக்குப் போய்விட்டு வந்து, "ஒரு சொட்டு தொடல அண்ணி, உன் தல மேல சத்தியம்" என்று என் தலையிலேயே கையை வைத்தான். பொய் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், பால் மணம் மாறாத குழந்தை தோற்றது. என் தலை இன்னும் கழுத்தின் மேல் இருக்கிறதே, அது அம்மன் புண்ணியம். சீட்டு எடுக்கப் போனபோது ஊர்த் தலைவர் பூவராகவன் கிட்டே வந்து அவன் மூச்சை மோந்து பார்த்தார். "போய்ட்டு அடுத்த வருசம் வா" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வருஷம் எல்லம்மா பட்ட பாட்டை நான் பார்த்தேன். கூடை சுமந்து பார்த்தாள், கருவாடு காயவைக்கப் போனாள், கடைசியில் கவரைப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி இருக்கிற ஓர் இரும்புக் கம்பெனி மேனேஜர் பங்களாவில் சமையல்கட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். மேனேஜர் கோவாக்காரர், பெரேரா என்று பேர். "ஊரு இன்னாடி சொல்லும்" என்று நான் கேட்டேன். "ஊரு வந்து எனக்கு ஒல வெக்குமா அக்கா?" என்றாள்.

ஆடி மாசத்தில் தேசப்பன் போதையில் யாருடைய படகிலிருந்தோ தண்ணீரில் விழுந்தான். என் வீட்டுக்காரர்தான் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். அன்றைக்கு எல்லம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அவன் முகத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு வேலைக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். அதிலிருந்து அவன் குடிப்பதை நிறுத்தினான். கடைக்குப் போகிற வழி எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. எனக்குத் தெரியாமல் ஒரு நாய்கூட அந்தப் பக்கம் போக முடியாது. ஆடிக்குப் பிறகு அவன் போகவில்லை. கை நடுங்கினது, ராத்திரியெல்லாம் உலாத்தினான், எரிந்து எரிந்து விழுந்தான், ஆனால் போகவில்லை. இந்தப் பொங்கலுக்கு மட்டும் சுத்தமாக வந்து சீட்டை எடுத்துவிட்டால் பாடு திரும்பிவிடும். எல்லம்மா ராத்திரியும் பகலும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அது தவிர அவள் பேசினது பங்களாக் கதை. அவர் பெண்டாட்டி பெரேரா அம்மாவுக்கு விருந்து வைக்கிற பைத்தியம். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புது வருஷத்துக்கு ஒன்று, கம்பெனி ஆபீசர்கள் எல்லாம் இந்துக்கள் என்பதால் போகிக்கு ஒன்று. ஒவ்வொரு விருந்துக்கும் சங்கிரியா என்று ஒரு பானம் வீட்டிலேயே தயார் பண்ணுவாள்.

"மழ பேஞ்சிக்கினு இருக்கும்போதே ஆரம்பிச்சிடுது அக்கா அந்த அம்மா. கறுப்புத் திராச்சய கழுவி, தொடச்சி, ஊறுகா ஜாடியில போட்டு நசுக்குது. சக்கர போடுது, ஒரு பிடி கோதும போடுது, ரொட்டிக்குப் போடற பொடி போடுது. வாயில துணியக் கட்டி இருட்டு ரூம்ல வெச்சிட்டு தெனமும் மரக்கரண்டியால கிண்டச் சொல்லுது. மூடிய தொறந்தா குபுகுபுன்னு பொங்குது, உள்ள எதுவோ உக்காந்து மூச்சு வுடறாப்ல."

"அது கள்ளுதானடி?"

"வெள்ளக்காரன் கள்ளு. எனக்கு அது தெரியாதா இன்னா? அத வடிகட்டி பாட்டில்ல ஊத்தி வெச்சிடுது. விருந்துக்கு மொத நாளு அதக் கண்ணாடித் தொட்டியில ஊத்தி ஆரஞ்சு, ஆப்பிள், அன்னாசி அல்லாத்தையும் நறுக்கிப் போடுது. பட்ட, கிராம்பு போடுது. இன்னொரு பாட்டில்லேருந்து கொஞ்சம் பிராந்தி ஊத்துது. ராத்திரி பூரா ஊறணுமாம். மறுநாளு சோடாவும் ஐஸும் போட்டுத் தருது."

ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நம்ம பக்கம் இறாலுக்கு ஐஸ் ஏற்றிவருகிற லாரிக்காரனிடம் சொல்லிவைத்து, உமியில் பொதிந்து எடுத்துவந்தார்களாம். ஆபீசர்கள் எங்கள் இறால் படுக்கிற ஐஸை மினுமினுக்கிற கண்ணாடி டம்ளரில் போட்டு உறிஞ்சினார்கள் என்று கேட்டதில் எனக்கு ஒரு வாரத்துக்குச் சிரிப்பு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ராத்திரி பூராவும் ஊறின பழம் நிறம் மாறி, சோர்ந்துபோய்க் கிடக்கும். அதை விருந்தாளி முன்னால் வைக்க பெரேரா அம்மாவுக்கு இஷ்டமில்லை. அதை எல்லாம் வடித்து எடுத்துவிட்டு, பளிச்சென்று புதுப் பழம் நறுக்கி மிதக்கவிடுவாள். வடித்த பழம் குப்பைக்கு. கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் அப்படித்தான் போயிற்று. எல்லம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஆப்பிள் பழம், அன்னாசிப் பழம்! எங்கள் குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கே ஆரஞ்சுச் சுளை எண்ணிக் கொடுக்கிற காலம்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி அவள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். விருந்துக்காக மறுநாளிலிருந்து இரண்டு நாள் பங்களாவிலேயே தங்கப் போகிறாள்.

"அந்தப் பழத்த இந்த வாட்டி எடுத்தாந்துடப் போறேன் அக்கா. காப்புக் கட்டிக்கினு எங்கூட்டு ஆளு பட்டினி கெடக்கும். வெறும் வாழப்பழத்தத் துன்னுக்கினு கெடக்க வாணாமே."

"கள்ளுல ஊறினதுடி அது."

"ஊறினா இன்னா? கருவாட்ட நாம ஊறப்போடல? உப்பு வெளிய தண்ணிக்குத்தான வருது? தண்ணிதான் கரிக்குது, கருவாடு சப்புன்னு ஆயிடுது. அதே மாதிரி பழத்துல இருக்கற சாறு கள்ளுக்குப் போவுது. அதுக்குத்தான அந்த அம்மா பழத்தப் போடுது? கள்ளு எங்கேந்து பழத்துக்குள்ள வரும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கருவாடு ஊறவைத்த கை இது. ஊறப்போட்ட பண்டத்திலிருந்து சத்து வெளியே போகும், அதுதானே நாங்கள் கண்டது. சரிதான் என்று தலையாட்டினேன். சமையல்கட்டுப் பக்கம் போகிற எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் எங்கள் ஊரில் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பெரேரா அம்மாவும் பாவம், அரைகுறைத் தமிழில் ஒன்று சொல்லியிருக்கிறாள். பழத்தைத் தூக்கில் எடுத்துவைக்கிறதைப் பார்த்து, "எல்லம்மா, பிள்ளைங்களுக்குக் குடுக்காதே" என்றாளாம். சளி பிடிக்கும் என்று சொல்கிறாள் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். இவளுக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று, அதுவும் கைக்குழந்தை, என்னிடம் இருந்தது. அதற்கு யார் அன்னாசி கொடுக்கப் போகிறார்கள்?

பொங்கலன்று காலையில் எல்லம்மா வந்து சேர்ந்தபோது நான் வாசலில் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பித்தளைத் தூக்கு. தூக்கின் கைப்பிடிக்கு ஒரு கதம்பம் வேறு. தேசப்பன் போகி சாயந்தரத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், குளித்துத் திருநீறு பூசி, கையில் மஞ்சள் கயிறோடு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். அவன் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"மேனேஜரு துன்ற பழம்யா இது!" என்று மூடியைத் திறந்தாள். பட்டையும் கிராம்புமாக வாசனை என் வாசல் வரைக்கும் வந்தது. எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். "பங்களா மிச்சம் எனக்கெதுக்கு, நீயே வெச்சிக்கோ" என்று முறுக்கிக்கொண்டேன். அவளும் ஒன்றும் தொடவில்லை, அவனுக்கே என்று வைத்தாள்.

தேசப்பன் முதல் துண்டை வாயில் போட்டான். மெல்லுகிறதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஆயுசில் ஆப்பிள் தின்றதில்லையே, ருசி புதுசாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன். அவள் சிரித்த முகமாக, "எப்டிக்கீது?" என்றாள். அவன் இன்னொரு துண்டு எடுத்தான். அப்புறம் குனிந்த தலை நிமிரவில்லை. தூக்கின் அடியில் தேங்கியிருந்ததையும் சாய்த்துக் குடித்துவிட்டான். பசி, வேறென்ன என்று நான் பானையைக் கவனிக்கப் போய்விட்டேன்.

உச்சிக்கு ஊரே கோயில் முன்னால் கூடியது. ஆண்கள் உள்ளே, பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம், எப்போதும் அப்படித்தான். காப்புக் கட்டினவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் குடத்தில் கைவிட வேண்டும். என் வீட்டுக்காரர் போனார், நல்ல சீட்டாக எடுத்தார். அடுத்து தேசப்பன். நடை சரியாகத்தான் இருந்தது, கண் மட்டும் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. வெறும் வயிற்றில் போனது வேலையைக் காட்டாமல் இருக்குமா?

பூவராகவன் குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "இங்க வா" என்றார். மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"அடப்பாவி, இந்த வருசமுமா?"

கூட்டம் ஓ என்று கத்தியது. யாரோ சிரித்தார்கள். பேரை எடு, பேரை எடு என்று ஒரு குரல். அது குப்புராஜ் குரல், எனக்குத் தெரியும். ஒரு பேர் குறைந்தால் அவன் முறை ஒரு படி முன்னால் வரும், அதுதான் அந்த அக்கறை. என் பக்கத்தில் நின்ற எல்லம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டாள். பொம்பளை தாண்டக்கூடாது. அவளைப் பிடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"குடிக்கல நைனா! பழம் துன்னுச்சி, நான்தான் குடுத்தேன்!" என்று, பெருமைக்குக் கையிலேயே வைத்திருந்த தூக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். பங்களா, தொட்டி, வடித்த பழம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். "கருவாட்ட ஊறப்போட்டா உப்பு வெளியதான வரும்? நீயே சொல்லு நைனா."

சிரிக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் அதை நிஜமாகவே யோசித்தார்கள். கருவாடு அவர்களுக்கும் தெரிந்த விஷயம் அல்லவா? அப்பாவு என்று ஒரு பெரியவர், "அது சொல்றது ஞாயந்தான், வெளியதான் வரும்" என்றார். குப்புராஜ் விடுவானா, "அப்ப ஊறுகாய்க்கு இன்னா சொல்ற? மாங்காயில உப்பு உள்ளதான போவுது?" என்றான். "மாங்கா பச்ச, கருவாடு காஞ்சது" என்றார் இன்னொருவர். "பழம் பச்சயா, காஞ்சதா?" என்று ஒருவர் கேட்டார். வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாங்களும் சும்மா இருக்கவில்லை, கருவாடு கருவாடு என்று ஒரே கூச்சல். அம்மன் சந்நிதி மீன் சந்தை ஆகிவிட்டது.

கடைசியில் பூவராகவன் கையைத் தூக்கினார்.

"போதும், பேஜாரு பண்ணாதீங்க. உள்ள போச்சா வெளிய வந்துச்சான்னு நமக்குத் தெரியாது. பொம்பள நல்ல மனசோட குடுத்துக்கீது, அதுல சந்தேகம் இல்ல. தெரியாம துன்னது குத்தம் ஆவாது. துன்னவனுக்குத் தெரியும். தேசப்பா, கற்பூரத்த அணச்சி, 'இதுல போத இருக்குன்னு எனக்குத் தெரியாது'ன்னு அம்மனுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லு. சீட்ட எடுத்துக்கினு போ."

எல்லம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான். ஒரே ஒரு வார்த்தை, அதுவும் தேசப்பனுக்கு! பொய்ச் சத்தியம் என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் தலையிலேயே எத்தனை தடவை அடித்திருக்கிறான்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். தேசப்பன் கையை நீட்டினான். காற்று வேறு, சுடர் அவன் விரலை நக்கிக்கொண்டிருந்தது. அவன் அணைக்கவில்லை. திரும்பி எல்லம்மாவைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள், சொல்லு, சொல்லு என்று. கற்பூரம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"மொதத் துண்டுலயே தெரிஞ்சி போச்சி நைனா. தெரிஞ்சிதான் துன்னேன். நிறுத்த முடியல."

எனக்கு வேலியைத் தாண்டிப் போய் அவனை ஓங்கி ஓர் அறை விடலாமா என்று வந்தது. குப்புராஜ்கூட வாயை மூடிக்கொண்டான். பூவராகவன் தன் கையாலேயே தேசப்பனின் காப்பை அவிழ்த்தார்.

"இந்த வருசம் சீட்டு இல்ல. பேர எடுக்க வாணாம், இருக்கட்டும். அடுத்த வருசம் வா."

இன்னொரு வருஷம் கூலி, இன்னொரு வருஷம் பங்களா. எல்லம்மா தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். தேசப்பன் பின்னால் நடந்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அவர்களுக்குப் பின்னால். அவள் ஏரிக்கரையில் உட்கார்ந்து மணலை அள்ளிப் போட்டுத் தூக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள். கதம்பம் நார் நாராகப் போகிற வரைக்கும் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"கட்டிக்கினு வந்த நாள்லேருந்து பொய்யாவே சொல்லிக்கினு இருந்தியே. எனக்காக இன்னிக்கு ஒரு நாளு சொல்லக் கூடாதா?"

கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். ஆடியில் அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டபோது அழாதவள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தேசப்பன் அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். காப்பு இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"சொல்லியிருந்தா சீட்டு கெடச்சிருக்கும்" என்றான். "சாயந்தரம் கடைக்குப் போயிருப்பேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தூக்கைத் தண்ணீரில் அலசி அவன் கையில் கொடுத்தாள். நான் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குப் பொங்கல், எனக்கு ஆயிரம் வேலை கிடந்தது. ஒன்றும் ஓடவில்லை. பொழுது சாய்ந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டேன். கடைக்குப் போகிறவர்கள் இரண்டு பேராக, மூன்று பேராக, புதுவேட்டி சரசரக்க என்னைத் தாண்டிப் போனார்கள். "இன்னா அண்ணி, விளக்கு வெக்கலையா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். "வெப்பேன், நீ போ" என்றேன். நன்றாக இருட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தேசப்பன் அந்தப் பக்கம் வரவில்லை. எழுந்து போய் விளக்கை ஏற்றினேன்.